பஸ் ஸ்டாப் இருக்கு, பஸ்தான் வராது

(நகரமைப்புத் துறை முதுகலை மாணவர்களின் ஆண்டுத் தொடக்க நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் பேசியதில் ஒன்றை மட்டும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'நீடித்த நகரங்களுக்கான ஆய்வு முறைகளில் பன்னாட்டுக் கல்விக் கூட்டுறவு'. அழைப்பிதழில் இரண்டு வரி பிடித்திருக்கிறது. இதைப் படித்துவிட்டும் நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், ஒன்று வருகைப் பதிவு எடுப்பார்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது. எதுவானாலும் சரி.

பல வருஷங்களுக்கு முன்னால் சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில், அதாவது குடிசைகளிலிருந்து அகற்றியவர்களைக் கொண்டுவந்து வைத்த இடத்தில், கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் இங்குள்ள ஒரு நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு. படிவம் அங்கிருந்து வந்தது, நாங்கள் தமிழாக்கிக்கொண்டு போனோம். மூன்றாவது மாடியில் ஒரு அம்மா. 'பக்கத்து பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்மா?' என்று கேட்டேன். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, 'அதோ தெரியுது பாருங்க தம்பி. ஸ்டாப் இருக்கு, பஸ்தான் வராது' என்றார்.

படிவத்தில் தூரத்துக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. 150 மீட்டர் என்று எழுதிக்கொண்டேன். அந்தக் குடும்பம் எங்கள் கணக்கில் 'நல்ல போக்குவரத்து வசதி உள்ள குடும்பம்' ஆகிவிட்டது. சரி, வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில், ஷேர் ஆட்டோ. அதற்கும் கட்டம் கிடையாது. பேருந்து, ரயில், டாக்ஸி, சைக்கிள், நடை, அப்புறம் 'இதர'. அந்த 'இதர'தான் எங்கள் படிவங்களில் அதிகம் டிக் ஆன கட்டம். அறிக்கையில் அது சாம்பல் நிறப் பட்டையாக வந்தது. ஒரு ஊரே சாம்பல் பட்டைக்குள் உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதைச் சொல்வது அந்தப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல அல்ல. படிவத்தை மொழிபெயர்த்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கட்டம் இல்லை என்பது முதல் நாளே எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது. இன்றைக்கு நான் பேசப்போவது அந்தக் 'கேட்கலாம்' என்பதைப் பற்றித்தான்.

2015இல் ஐ.நா. 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை வைத்தது. அதில் 11ஆவது நகரங்களுக்கானது. அந்த இலக்கின் கீழ் பொதுப் போக்குவரத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு. பேருந்து நிறுத்தம் 500 மீட்டர் நடைக்குள், ரயில், மெட்ரோ போன்றவை 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. அதாவது, நான் அன்றைக்கு எழுதிய அதே 150 மீட்டர். பஸ் வருகிறதா, எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் வருமா என்பதெல்லாம் கூடுதலாகப் பார்க்கலாம் என்ற நிலையில்தான் இருக்கிறது. அடிப்படைக் கணக்கு தூரம்தான்.

உடனே 'உலகப் பொது அளவுகோலே வேண்டாம், நம் ஊருக்கு நம் கணக்கு' என்று கிளம்பிவிடாதீர்கள். நம் கணக்கின் லட்சணத்தையும் பார்க்கலாம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு ஊர் நகரமாக வேண்டுமென்றால், சட்டப்படி நகராட்சி, பேரூராட்சி என்று அறிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று நிபந்தனை. 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் இருக்க வேண்டும், வருஷத்தில் ஆறு மாதமாவது வேலை பார்க்கும் ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். ஆண்களில். ஊரில் பெண்கள் என்ன வேலை பார்த்தாலும் அது அந்த ஊரை நகரமாக்காது! இந்த மூன்றையும் தாண்டி, இன்னும் கிராம ஊராட்சியாகவே இருக்கும் ஊர்களுக்குக் கணக்கெடுப்பு நகரம் என்று பெயர். 2001இல் அவை நாடு முழுக்க 1,362. 2011இல் 3,894. கேரளத்தின் நகர மக்கள்தொகை அந்தப் பத்து வருஷத்தில் 26 சதவீதத்திலிருந்து 47.7க்குத் தாவியதில் பெரும்பங்கு இந்த ஊர்களுடையது. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள், ஊருக்குப் பெயர் மாறியது.

வேறு நாட்டில் 2,000 பேர் இருந்தாலே நகரம். இன்னொரு நாட்டில் அரசு சொன்னால் நகரம். இப்படி இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா. வாழ்விட அமைப்பு, உலக வங்கி, பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. ஆகிய ஆறும் சேர்ந்து ஒரு வரையறையைக் கொண்டுவந்தன. 2020 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் அதை ஏற்றது. பூமியை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது. கட்டத்துக்கு 1,500 பேராவது இருக்கிற கட்டங்கள் ஒட்டி ஒட்டி வந்து, மொத்தம் 50,000 பேர் சேர்ந்தால் அது மாநகரம். நிர்வாக எல்லை பற்றிக் கவலையே இல்லை. 2011 கணக்கெடுப்பில் 31 சதவீதம் மட்டுமே நகரமாக இருந்த இந்தியா, இந்தக் கட்டத்தை வைத்துப் பார்த்தால் வேறு நாடு மாதிரித் தெரியும். எது சரி என்று கேட்டால், எதற்காக எண்ணுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். நாடுகளை ஒப்பிட அந்தக் கட்டம் உதவும். உங்கள் ஊராட்சிக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமா என்று முடிவு செய்ய அது உதவாது.

இனி நைரோபிக்குப் போகலாம். எனக்குப் பிடித்த கதை.

கென்யாத் தலைநகர் நைரோபியில் பெரும்பாலான பொதுப் போக்குவரத்து மட்டாட்டு என்ற தனியார் வண்டிகள்தான். பதினான்கு பேர் உட்காரும் வேன் முதல் மினி பஸ் வரை. சுவாஹிலி மொழியில் 'டாட்டு' என்றால் மூன்று. ஒரு காலத்தில் பத்து சென்ட் காசு மூன்று கொடுத்தால் போதுமாம், அதிலிருந்து வந்த பெயர். வண்டி முழுக்க ஓவியம், உள்ளே காது கிழியும் பாட்டு, கதவில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடும் கண்டக்டர். அந்தக் கண்டக்டரை அங்கே பேச்சு வழக்கில் 'கொண்டா' என்பார்கள். நமக்குச் சிரிப்பு வரும். அதுவும் கண்டக்டர் என்ற சொல் தேய்ந்ததுதான். கூட்டம் நிறையும்வரை வண்டி கிளம்பாது, நிறைந்தால் நிற்காது. ரூட் எண் உண்டு, கால அட்டவணை கிடையாது. நம் ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கானவர்கள் தினமும் ஏறி இறங்கும் இந்த வலைப்பின்னலுக்கு 2012இல்கூட முழுமையான ஒரு வரைபடம் இல்லை.

நைரோபிப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., கொலம்பியா பல்கலைக்கழகம், குரூப்ஷாட் என்ற சிறு வடிவமைப்பு நிறுவனம் ஆகிய நான்கும் சேர்ந்தன. திட்டத்தின் பெயர் டிஜிட்டல் மட்டாட்டுஸ். வேலை எளிது, கேட்டால் நம்பமாட்டீர்கள். நைரோபி மாணவர்கள் கையில் செல்போனோடு மட்டாட்டுவில் ஏற வேண்டும். கடைசி வரை போக வேண்டும். வண்டி எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் இடத்தைப் பதிவு செய்து, அந்த இடத்துக்கு ஆட்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று எழுதி, அது அரசு வைத்த நிறுத்தமா, பழக்கத்தில் வந்த நிறுத்தமா என்று குறிக்க வேண்டும். அப்புறம் திரும்பும் வண்டியில் ஏற வேண்டும். இப்படி 130க்கும் மேற்பட்ட ரூட்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. உலகமெங்கும் பேருந்து விவரங்களை எழுதி வைக்க ஜி.டி.எஃப்.எஸ். என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து உருவாக்கியது. செல்போனில் அடுத்த பஸ் எப்போது என்று பார்க்கிறீர்களே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். பிரித்துப் பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். நிறுத்தங்களுக்கு ஒன்று, ரூட்டுகளுக்கு ஒன்று, எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு ஒன்று. இந்தக் கடைசிக் கோப்பில் மட்டாட்டுக்கு என்ன எழுதுவது? மணியே கிடையாதே. மழை பெய்தால் ரூட்டே மாறும். கை காட்டினால் நடுவழியிலும் நிற்கும்.

என் கதையில் நான் 'இதர' என்று டிக் அடித்த இடம் இதுதான். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்த வடிவத்தைப் பராமரிக்கும் உலகளாவிய குழுவிடமே போய், எங்கள் ஊர் வண்டிக்கு இது பொருந்தவில்லை, எப்படித் தளர்த்தலாம் என்று பேச்சைத் தொடங்கினார்கள். நேரத்துக்குப் பதில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று எழுதும் வழியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வழியில் எங்கு வேண்டுமானாலும் ஏறலாம் இறங்கலாம் என்று குறிக்கும் வசதியும் பிற்பாடு அந்த வடிவத்துக்குள் வந்தது. போர்ட்லண்டில் பிறந்த படிவத்தில் கை காட்டி ஏறுகிறவனுக்கும் ஒரு கட்டம்!

2014 ஜனவரியில் வரைபடம் வெளியானது. லண்டன் சுரங்க ரயில் படம் மாதிரி, வண்ண வண்ணக் கோடுகள். நகர நிர்வாகமே அதை அதிகாரபூர்வப் படமாக ஏற்றுக்கொண்டது. 2015இல் கூகுள் மேப்ஸில் ஏறியது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. படத்தை விரித்தால் குழந்தைக்கும் ஒரு விஷயம் தெரியும். எல்லாக் கோடும் நகரத்தின் நடுவே போய் முட்டுகிறது. கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டியவன் நடுவில் இறங்கி, நெரிசலில் நடந்து, வேறு வண்டி பிடிக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் முதலாளிகளுக்கும் படத்தைக் காட்டியபோது, அவர்களே புது ரூட் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவரவர் ரூட் அவரவருக்கு மனப்பாடம். எல்லா ரூட்டையும் சேர்த்து அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

பிறகு அம்மான், மனாகுவா, அக்ரா, கெய்ரோ என்று வெவ்வேறு கண்டங்களில் இதே மாதிரி வேலைகள் நடந்தன. நைரோபியில் கற்றது அங்கெல்லாம் பயன்பட்டது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இல்லாமல் இது நடந்திருக்குமா? நேர்மையாகச் சொன்னால் சந்தேகம்தான். பணம் ராக்பெல்லர் அறக்கட்டளையிடமிருந்து வந்தது. கூகுளின் கதவைத் தட்ட எம்.ஐ.டி.யின் பெயர் உதவியிருக்கும். அதே சமயம், எந்த மட்டாட்டு எங்கே திரும்பும் என்று தெரிந்த நைரோபி மாணவன் இல்லாவிட்டால் பாஸ்டன் பக்கம் எம்.ஐ.டி.யில் உட்கார்ந்து ஒரு கோடுகூடப் போட்டிருக்க முடியாது. இரண்டு பக்கத்துக்கும் மற்றவரிடம் தேவை இருந்தது, அதனால் பேச்சு சமமாக இருந்தது. தேவை ஒருபக்கமாக மட்டும் இருந்தால் மற்றவர் படிவம் நிரப்புகிறவராகத்தான் முடிவார்.

ஆய்வு முறை என்றாலே மேற்கிலிருந்து இங்கே வருவது என்று ஒரு நினைப்பு நமக்கு ஊறிப்போயிருக்கிறது. அதற்கு எதிர்த் திசையில் ஓடிய ஒரு முறையைச் சொல்கிறேன். ஜாக்கின் அற்புதம் என்று ஒருவர். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். இளம் வயதில் மும்பைக்குப் போய் ட்ராம்பே பக்கம் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் சேர்ந்தார். குப்பை அள்ள மாநகராட்சி வரவில்லை என்றதும், காலனிப் பிள்ளைகளைக் கூட்டிக் குப்பையை மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொண்டுபோய்ப் போட்டவர். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியை இடித்து மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு மாற்றினார்கள். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு அவர் கட்டியது.

1985இல் மும்பை நடைபாதைவாசிகளை அகற்றும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது ஸ்பார்க் என்ற அமைப்பு பைகுல்லா பகுதியில் சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அந்த மக்களையும் கூட வைத்துக்கொண்டு எடுத்த கணக்கு. நேற்று வந்தவர்கள், வேலை இல்லாதவர்கள் என்று பேசப்பட்டவர்கள் பல காலமாக அங்கேயே இருப்பவர்கள், நடந்துபோகும் தூரத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று தெரிந்தது. ஸ்பார்க்கும் ஜாக்கினின் கூட்டமைப்பும் நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனும் பின்னால் ஒன்றாக வேலை செய்தன. தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டு, அந்த எண்ணோடு அரசின் முன்னால் போய் உட்காருவது. 1991இல் இந்த முறை தென்னாப்பிரிக்கா போனது. 1996இல் பல நாட்டுக் குடிசைவாசிகளின் கூட்டமைப்பாக எஸ்.டி.ஐ. உருவானது. ஜாக்கின் அதன் தலைவராக இருந்தார். 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018இல் காலமானார். நகரமைப்புப் பாடத்திட்டத்தில் அவர் பெயர் வரும் ஒரு பக்கத்தை எனக்கு யாராவது காட்டினால் மதியச் சாப்பாடு என் செலவு.

அந்த முறை சுற்றிச் சுற்றி மறுபடி நைரோபிக்கே போகிறது. முக்குரு என்பது நைரோபியின் தொழிற்பேட்டைப் பகுதியில் உள்ள குடிசைப் பகுதிகள். சுமார் 1 லட்சம் குடும்பங்கள். நிலம் பல பத்தாண்டுகளுக்கு முன் தனியாருக்கு ஒதுக்கியது, குடியிருப்பவர்கள் தகரக் கொட்டகையில் வாடகைக்கு. அங்குள்ள குடிசைவாசிகள் அமைப்பு, நைரோபிப் பல்கலைக்கழகம், ஸ்ட்ராத்மோர் பல்கலைக்கழகம், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து நிலம், தண்ணீர், உடல்நலம் எல்லாவற்றையும் ஆராய்ந்தன. 2017 ஆகஸ்டில் நைரோபி நிர்வாகம் அதைச் சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தன. பத்து வீடு ஒரு குழு, பத்துக் குழு சேர்ந்தால் அடுத்த அடுக்கு என்று மேலே மேலே போகும் அமைப்பில் பேச்சு நடந்தது. நகரமைப்பு விதியில் உள்ள சாலை அகலத்தை அங்கே அப்படியே போட்டால் சாலை வரும், ஜனங்கள் இருக்க மாட்டார்கள். அதனால் அகலத்தைக் குறைத்துத் திட்டம் போட்டார்கள். இந்த வகுப்பில் சாலை அகல அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டவணையும் யாரோ எழுதிய படிவம்தான்.

மொழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் எத்தனை குடும்பங்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். நீங்கள் போய் 'இந்த வீட்டில் எத்தனை குடும்பம்மா?' என்று கேட்டால், 'ஒரே குடும்பம்தான்' என்று ரோஷமாகப் பதில் வரும். அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்களா என்று விசாரிக்கிறோம் என நினைத்துக்கொள்வார்கள். எங்களோடு வந்த ஒரு களப்பணியாளர் அப்படிக் கேட்கவே மாட்டார். 'எத்தனை அடுப்புக்கா எரியுது?' என்பார். 'மூணு' என்று உடனே பதில் வரும். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களை ஒரு குடும்பமாகக் கொள்வதுதான் நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையும். அந்த அக்கா அதைப் படித்தவர் அல்ல. ரேஷன் கார்டு எத்தனை என்று கேட்டால் வேறு எண் வரும், மின்சார மீட்டர் எத்தனை என்றால் இன்னொரு எண் வரும். மூன்றும் உண்மை. எது வேண்டும் என்பதை முடிவு செய்யும் அறையில் அந்த அக்கா இருக்க வேண்டும். இதுவரை நான் போன எந்தப் பன்னாட்டுக் கூட்டத்திலும் அவரைப் போன்றவருக்கு விமான டிக்கெட் போட்டதில்லை.

2022இல் கேப் டவுனில் ஆய்வு நேர்மை பற்றிய உலக மாநாடு நடந்தது. அதிலிருந்து ஒரு அறிக்கை வந்தது. பணக்கார நாட்டு ஆய்வாளர் வந்து இறங்கி, தரவை அள்ளிக்கொண்டு பறந்துவிடுவதை ஹெலிகாப்டர் ஆய்வு என்கிறார்கள். அது நேர்மைக் குறைவு என்று இப்போது வெளிப்படையாகப் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஹெலிகாப்டர் வெளிநாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. நாம் இங்கிருந்து வண்டி எடுத்துக்கொண்டு ஒரு குப்பத்துக்குப் போய், இருநூறு படிவம் நிரப்பி, மாலையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி, அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காமல் இருப்பதும் அதுதான். உங்களில் எத்தனை பேருடைய இளங்கலை ஆய்வு அப்படி முடிந்தது என்று கேட்க மாட்டேன். என்னுடையது அப்படித்தான்.

இப்போதெல்லாம் கூட்டாய்வுக்கு யாராவது கூப்பிட்டால் நான் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன். முதல் முப்பது வீட்டுக்குப் படிவத்தை எடுத்துக்கொண்டு போவோம். திரும்பி வந்து கேள்விகளை மாற்றும் உரிமை எங்களுக்கு வேண்டும், அதற்கு நாளும் பணமும் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். சிலர் உடனே சரி என்கிறார்கள். சிலர், 'மற்ற ஐந்து நாட்டிலும் இதே கேள்விகள், மாற்றினால் ஒப்பிட முடியாதே' என்கிறார்கள். நியாயமான கவலை. பொதுக் கேள்விகள் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் எங்கள் கட்டத்தையும் சேருங்கள் என்பேன். அதற்கும் மாட்டேன் என்றவர்கள் உண்டு. அந்த வேலையை நான் எடுக்கவில்லை. பணக்கஷ்டம் இருந்த ஒரு வருஷத்தில் எடுத்தேன், அதையும் மறைக்கவில்லை.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். 'சார், நாங்க வேளச்சேரி பக்கம் ஷேர் ஆட்டோ ரூட் எடுக்கலாம்னு இருக்கோம். அதுக்கு ஸ்டாப்பே இல்லையே, எதைக் குறிக்கிறது?'

முதல் வாரம் எதையும் குறிக்காதீர்கள், சும்மா ஏறி டிரைவர் பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். எந்த இடம் வரும்போது அவர் வேகத்தைக் குறைத்து இடது பக்கம் பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஆள் நிற்காவிட்டாலும் பார்ப்பார். அந்த இடத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள். இடித்துப் பல வருஷமான ஒரு தியேட்டரின் பெயரைச் சொல்வார், வெட்டிவிட்ட புளியமரத்தின் பெயரைச் சொல்வார். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கூகுளில் இருக்கும் பெயரை மாற்றிப் போடாதீர்கள்.

'நாங்க நாலு பேர், சார். நாலு பேரும் பொண்ணுங்க. ராத்திரி டிரிப் எப்படி எடுக்கிறது?' என்றார்.

இதற்கு என்னிடம் தயாரான பதில் இல்லை. ராத்திரி எத்தனை மணிக்கு மேல் ஏற மாட்டீர்கள், எந்த வண்டியில் ஏற மாட்டீர்கள், யார் உட்கார்ந்திருந்தால் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள், அதற்கு ஒரு கட்டம் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கட்டம் நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை. அவர் நோட்டைத் திறந்து அங்கேயே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.